பாலம் நிற்கலாம், கரை நிற்குமா?

நிலநடுக்கத்தில் பாலம் உடைந்தால் பலரும் முதலில் கொங்கிறீற்றைத்தான் குறை சொல்வார்கள். மண் பரிசோதனையையே தொழிலாகக் கொண்ட நான் முதலில் பார்ப்பது பாலம் கரையோடு சேரும் இடத்தை.

மண்ணின் இறுக்கத்தை அறிய 63.5 கிலோ சம்மட்டியை 76 சென்டிமீற்றர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீற்றர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். இறுகிய மணலில் எண்ணிக்கை முப்பதுக்கு மேல் போகும். மட்டக்களப்பு வாவியோரம் சில இடங்களில் நாலைந்து முறை அடித்தாலே இறங்கிவிடும். குழாயைத் திறந்தால் உள்ளே தண்ணீர் சொட்டும் நுண்மணல். பயப்பட வேண்டியது இந்த மணலுக்குத்தான்.

கடற்கரை ஈரமணலில் நின்று காலை அசைத்துப் பாருங்கள். மணல் இளகி, கால் புதையும். பலமான நிலநடுக்கத்திலும் இதுதான் நடக்கிறது. குலுங்கும்போது மணல் துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையிலுள்ள நீர் வெளியேற நேரமில்லாமல் அழுத்தம் ஏறி, துகள்களின் பிடி விட்டுப்போகும். அப்புறம் கரை முழுவதுமே ஆற்றை நோக்கி நகரும். சரிவு மிகக் குறைவாக இருந்தாலும் போதும்.

1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் ஷோவா பாலம் திறந்து ஒரு மாதமளவில் நிலநடுக்கம் வந்தது. பைல்களை, அதாவது பாலத்தைத் தாங்க நிலத்துக்குள் ஆழமாக இறக்கிய தூண்களை, சுற்றியிருந்த மண் இளகியதால் அவை வளைந்தன. தளங்கள் தாங்கிகளிலிருந்து நழுவி ஷினானோ ஆற்றில் விழுந்தன. அதே ஆற்றின் மேல் 1929இல் கட்டிய பண்டாய் பாலம் தாங்கிக்கொண்டது. புதுப்பாலம் என்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

2011இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் ஏவன் ஆற்றுப் பாலங்கள் பல விழவில்லை. ஆனால் கரைமண் தள்ளியதில், தளத்தைக் கரையில் தாங்கும் முனைச்சுவர்களின் அடிப்பகுதி ஆற்றுப்பக்கம் நகர்ந்தது. மேற்பகுதியைத் தளம் முட்டுக்கொடுத்து நிறுத்தியதால் சுவர் பின்னோக்கிச் சாய்ந்தது. பாலத்துக்கு ஏறும் அணுகுவீதியும் தாழ்ந்து, பாலத்தின் வாயிலில் படி விழுந்தது. பாலம் நின்றும் வாகனம் ஏற முடியாது என்றால் என்ன பயன்?

இலங்கை புவித்தட்டு எல்லையிலிருந்து விலகியிருப்பதால் இங்கே பெரிய நிலநடுக்கத்துக்கான வாய்ப்பு குறைவு. அது உண்மை. ஆனால் மட்டக்களப்பு நகரின் புளியந்தீவு ஒரு தீவு. போதனா வைத்தியசாலை அதற்குள் இருக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வாழும் கல்லடி, காத்தான்குடி மக்கள் அங்கே போவது கல்லடிப் பாலத்தால். இப்படிப்பட்ட பாலத்துக்கு வாய்ப்பு குறைவு என்று சொல்லி மண் பரிசோதனையைச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியாது. பைல் இறுகிய மண்படைவரை போக வேண்டும், தளம் உட்காரும் இடம் அகலமாக இருக்க வேண்டும், அணுகுவீதியின் கீழுள்ள தளர்ந்த மணலை இறுக்க வேண்டும். செலவுதான். பிறகு திருத்துவதற்கு அதைவிடக் கூடும்.

வெள்ளம் அரிப்பதும் பல இடங்களில் பாலத்தின் இதே முனைமண்ணைத்தான். எனவே மாரி முடிந்ததும் உங்கள் ஊர்ப் பாலத்தின் வாயிலைப் பாருங்கள். தார் வீதியில் குறுக்கே புது வெடிப்பு, பாலத்துக்கும் வீதிக்கும் இடையே மேடுபள்ளம், கைபிடிச்சுவரில் கோணல், கற்கட்டுக்குப் பின்னால் குழி என்று எது தெரிந்தாலும் படம் எடுத்துப் பிரதேச செயலகத்துக்குக் கொடுங்கள். பெரிய வீதியென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு அறிவியுங்கள். உடனடி ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். பாரவண்டிகளை அந்தப் பாலத்தில் ஏறவிடாதீர்கள்.