கதவைத் திறந்தே வைக்கும் மாத்திரை

இன்சுலின் ஊசி போட ஆரம்பித்தவர்கள் பலர் சொல்வது: "சர்க்கரை இறங்கிடுச்சு, உடம்பு ஏறிடுச்சு." அதில் உண்மை உண்டு. இன்சுலின் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். சேர்ந்ததைக் கரையவும் விடாது. சரி, உடல் தானே அதிகமாகச் சுரக்கும் இன்சுலினை மருந்தால் குறைத்தால் எடை இறங்குமா?

டயசாக்சைடு என்றொரு பழைய மருந்து, இரத்த அழுத்தத்துக்காக வந்தது. 1960களில் அதைச் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை ஏறியது. காரணம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் இருக்கிறது.

அந்தச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் வெளியேறச் சின்னச் சின்னக் கதவுகள் உண்டு. சாப்பிட்டதும் குளுக்கோஸ் உள்ளே போய் எரியும், செல்லின் எரிபொருளான ஏடிபி பெருகும், அது கதவைச் சாத்தும். பொட்டாசியம் உள்ளேயே தங்க, செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் பாய்ந்து வரும். உடனே தயாராக நிற்கும் பைகள் இன்சுலினை வெளியே கொட்டும். கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் சாத்துவதும் இதே கதவைத்தான். அவற்றால் எடை கூடுவது தெரிந்த கதை. டயசாக்சைடு நேர்மாறு, இன்சுலினைக் கொட்ட விடாது. கதவைத் திறந்தே வைக்கும்.

1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், இன்சுலின் மிகுந்த பருமனானவர்களுக்குக் குறைந்த கலோரி உணவோடு 8 வாரம் இதைக் கொடுத்தார்கள். மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட எடை ஏறத்தாழ இரு மடங்கு இறங்கியது. ஆனால் 2007இல் டென்மார்க்கில் அதே 8 வாரம் செய்து பார்த்தபோது வித்தியாசமே இல்லை.

தெளிவாகப் பலித்தது வேறோரிடத்தில். மூளைக் கட்டிக்குச் சிகிச்சை பெற்ற சில குழந்தைகளுக்கு பசியை ஆளும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் பழுதாகி, மூளையிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு கணையத்தை ஓயாமல் விரட்டும். எடை தாறுமாறாக ஏறும். இன்சுலினை அடக்கும் ஆக்ட்ரியோடைடு ஊசியை 6 மாதம் போட்டபோது அவர்களுக்குக் கூடியது சராசரி 1.6 கிலோ, போலி ஊசி போட்டவர்களுக்கு 9.1 கிலோ.

ஆக, இன்சுலினே மூலகாரணமாக இருப்பவர்களுக்கு இந்த வழி பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது. எல்லாப் பருமனும் அப்படியல்ல. சர்க்கரைக்கும் எடைக்கும் இப்போது தரும் செமாக்ளுடைடு, இன்சுலின் சுரப்பைத் தூண்டுகிற மருந்து. ஆனாலும் பசியை அடக்கி எடையை இறக்குகிறது.

டயசாக்சைடுக்குத் தொல்லைகளும் உண்டு. சர்க்கரை ஏறும், கால் வீங்கும், வேண்டாத இடத்திலெல்லாம் முடி வளரும். (வழுக்கைக்குத் தடவும் மினாக்சிடில் திறப்பதும் இதே வகைக் கதவுதான்!) இருந்தும் 2025இல் அமெரிக்கா அதன் புதிய வடிவத்துக்கு அனுமதி தந்தது. பிராடர்-வில்லி என்ற மரபணுக் கோளாறில் வரும் அடங்காப் பசிக்காக. பசியைத் தூண்டும் மூளை நரம்பு செல்களிலும் அந்தப் பொட்டாசியம் கதவு இருக்கிறது; அதைத் திறந்து வைத்தால் பசி அடங்கும் என்பது கணக்கு.