மஞ்சள் நரம்பணுவைச் சென்றடையுமா?

ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைப் போட்டுக் கலக்கினால், சற்று நேரத்தில் தூள் அடியில் படிந்துவிடுகிறது. காய்ந்த எண்ணெயில் போட்டாலோ எண்ணெயே மஞ்சளாகிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் கொழுப்பில் கரையும், நீரில் கரையாது என்பதே காரணம். இயக்க நரம்பணு நோய்க்கு அதை மருந்தாக்க முயல்வோரைத் தடுக்கி விழவைப்பதும் இதே குணம்தான்.

தசைகளுக்குக் கட்டளையிடும் மூளை, தண்டுவட நரம்பணுக்கள் இந்நோயில் ஒவ்வொன்றாக மடிகின்றன. பேச்சும் விழுங்குதலும் மூச்சும் படிப்படியாக ஒடுங்குகின்றன. உட்கருவில் இருக்க வேண்டிய டிடிபி-43 என்ற புரதம் பெரும்பாலான நோயாளிகளின் நரம்பணுக்களில் வெளியேறித் திரள்கிறது, சுற்றியுள்ள துணையணுக்கள் அழற்சியடைகின்றன, நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் குளூட்டமேட் என்ற பொருள் மிகுதியாகி நரம்பணுவை ஓயாது தூண்டிச் சோர்த்துக் கொல்கிறது. 1995-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் என்ற மருந்து இந்தக் குளூட்டமேட்டைக் குறைத்து, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. தாவரப் பொருள் என்பதாலேயே நரம்புக்கு நல்லது என்றும் எண்ணிவிட முடியாது: கேசரிப் பருப்பையே மாதக்கணக்கில் முதன்மை உணவாக உண்பவர்களின் கால்களை முடக்குவது, குளூட்டமேட்டைப் போலவே நரம்பணுவைத் தூண்டும் அதன் ஓர் அமினோ அமிலம்தான்.

குர்குமின் ஆய்வகத் தட்டில் அழற்சியைத் தூண்டும் என்எஃப்-கப்பாபி என்ற சமிக்ஞையை அடக்குகிறது, புரதத் திரள்களோடும் ஒட்டிக்கொள்கிறது. ஆனால் அது தானே ஒளிர்ந்தும் பல புரதங்களைக் கண்டபடி பற்றியும் சோதனைகளை ஏமாற்றக்கூடியது. ஆகவே தட்டில் கிடைத்த வெற்றியை நான் அரைமனதோடுதான் நம்புவேன்.

உடலுக்குள் நிலைமை இன்னும் கடினம். குடற்சுவரும் கல்லீரலும் அதனுடன் குளுகுரோனிக் அமிலத்தைப் பிணைத்து விரைவில் வெளியேற்றிவிடுவதால், இரத்தத்தில் எஞ்சுவது மிகச் சொற்பம். அதிலும் இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் நுழையாமல் காக்கும் குருதி-மூளைத் தடுப்பைத் தாண்டுவது இன்னும் குறைவு. மிளகிலுள்ள பிப்பரின் இந்தப் பிணைப்பைத் தடுக்கிறது: 1998-இல் வெளியான பெங்களூர் ஆய்வொன்றில், 2 கிராம் குர்குமினுடன் 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தபோது இரத்தத்தை எட்டிய அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. ஆயினும் சொற்பத்தின் 20 மடங்கும் பெரிதல்ல. மேலும் பிப்பரின், வலிப்பு மருந்தான பெனிட்டோயின் போன்றவற்றின் இரத்த அளவையும் கூட்டிவிடும்.

எனவே ஆய்வாளர்கள் குர்குமினை நீரில் கலக்கும் நுண்ணிய கொழுப்புத்தன்மையுள்ள உறைகளில் பொதிகிறார்கள். 2018-இல் வெளியான ஈரானியச் சோதனையில் இயக்க நரம்பணு நோயாளிகள் 54 பேர் 12 மாதம் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 80 மில்லிகிராம் நானோ குர்குமின் (இப்படிப் பொதிந்த குர்குமின்) பெற்ற குழுவில் உயிர்வாழ்வு மேம்பட்டது, உடற்செயல்பாட்டு அளவீடுகளில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. அந்த 54 பேரில் எவருக்கும் ரிலுசோல் நிறுத்தப்படவில்லை; நானோ குர்குமின் அதனோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது.