லெக் டே முடிந்தால் வலிக்க வேண்டியது தொடை, இடுப்பு அல்ல

இந்த மாதமும் அதே கதைதான். எம்.ஆர்.ஐ. கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜிம் பையன்கள் எங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 அல்லது எல்5-எஸ்1 டிஸ்க் பல்ஜ், அதாவது கீழ்முதுகு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு வெளியே புடைத்திருக்கிறது. “ஸ்க்வாட் வேண்டாம்னு மாஸ்டர் சொல்லிட்டாரு சார். லெக் பிரஸ் மட்டும்தான் பண்றேன், அப்பவும் வலி கூடுது.” (ஸ்க்வாட் என்பது தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுவது. லெக் பிரஸ் என்பது மெஷினில் சாய்ந்து உட்கார்ந்து எடையைக் காலால் தள்ளுவது. நடுவில் ஓய்வில்லாமல் தொடர்ந்து செய்வது ஒரு செட்.) எவ்வளவு எடை? 280 கிலோ. எத்தனை செட்? பத்து. ஏன் பத்து? யூடியூபில் சொன்னார்களாம்.

இடுப்பு வலி உள்ளவர்களும் தொடையை நன்றாக வளர்க்கலாம். செட்டுகளைக் கூட்டியே வளர்க்கலாம். ஆனால் செய்கிற செட் எல்லாம் காலுக்குப் போய்ச் சேர வேண்டும். காலுக்கு முன்னால் முதுகு களைத்துப்போனால் அந்த செட் முதுகின் கணக்கில்தான் ஏறும். வால்யூம் (மொத்தப் பயிற்சி அளவு) என்று நீங்கள் நோட்டில் எழுதி வைக்கும் எண்ணில் பாதி இப்படித்தான் போகிறது.

முதலில் அந்த ரிப்போர்ட். ‘பல்ஜ்’ என்று பார்த்ததும் “ஜவ்வு விலகிடுச்சு, இனி அவ்வளவுதான்” என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அதில் இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பல்ஜ் இருந்தது. படத்தை மட்டும் வைத்து நாங்கள் எதையும் முடிவு செய்வதில்லை. குனிந்தால், வெகுநேரம் உட்கார்ந்தால், காலையில் எழுந்ததும் கூடுகிற வலி ஒரு வகை. டிஸ்க் தொல்லை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நின்றால், பின்னால் வளைந்தால் கூடுகிற வலி வேறு வகை. வேகப்பந்து வீசும் பையன்களுக்கு முள்ளெலும்பில் விழும் கீறல் இந்த வகையில் சேரும். உங்களுக்கு எது என்று தெரியாமல் அடுத்தவரின் லெக் டே அட்டவணையைக் காப்பி அடிக்காதீர்கள்.

பத்து செட், செட்டுக்குப் பத்து ரெப் (ஒருமுறை இறக்கி ஏற்றினால் ஒரு ரெப்) என்பதற்கு ஜெர்மன் வால்யூம் டிரெயினிங் என்று பெயர். ஒரே ஒரு ரெப் தூக்க முடிகிற உச்ச எடையில் 60 சதவீதம் வைத்து, செட்டுக்கு நடுவே 60 முதல் 90 வினாடி ஓய்வெடுத்துச் செய்வது. ஸ்க்வாட்டில் 100 கிலோ தூக்குகிறவர் 60 கிலோவை நூறு முறை தூக்குவார். மொத்தம் 6,000 கிலோ, அத்தனையும் தோளில் ஏறி முதுகெலும்பு வழியாகத்தான் காலுக்கு இறங்கும். ஐந்தாறு செட் போனதும் தொடையில் இன்னும் தெம்பு இருக்கும், முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் கைவிட்டிருக்கும். எழும்போது முதலில் புட்டம் மேலே போகும், மார்பு முன்னால் சாயும். மிச்சமுள்ள நாற்பது ஐம்பது ரெப்பும் குனிந்து நிமிர்கிற வேலைதான். இத்தனைக்கும் ஐந்து செட்டையும் பத்து செட்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வில் பத்து செட்காரர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

ஸ்க்வாட் இல்லாமல் கால் வராது என்பவர்களுக்கு: எடை தோளிலிருந்து வருகிறதா, பாதத்திலிருந்து வருகிறதா என்று தொடைக்குத் தெரியாது. உச்ச எடையில் 30 சதவீதமே வைத்தாலும், இனி ஒரு ரெப்கூட முடியாது என்கிற இடத்தின் பக்கத்தில் கொண்டுபோனால் தசை வளர்கிறது. பாடிபில்டர் ரானி கோல்மன் 800 பவுண்டு ஸ்க்வாட் செய்யும் வீடியோவை ஃபார்வர்டு செய்கிறவர்கள், அவர் முதுகுக்கு வரிசையாக நடந்த அறுவை சிகிச்சைகளைப் பற்றிய வீடியோவையும் சேர்த்து அனுப்பலாம்.

இனி, எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டும் நம்பிக்கை. “லெக் பிரஸ்ல முதுகுக்கு வேலையே இல்லை.” யார் கிளப்பிவிட்டார்களோ! தோளில் கம்பி இல்லை, முதுகு மெத்தையில் சாய்ந்திருக்கிறது, அதனால் பத்திரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மெஷினில் உட்காரும்போதே இடுப்பு மூட்டு மடங்கித்தான் இருக்கிறது. பாதம் வைக்கும் பலகையை இறக்க இறக்க முட்டி நெஞ்சை நோக்கி வருகிறது. ஓரளவுக்கு மேல் தொடையெலும்பு மடங்க மூட்டில் இடம் கிடையாது. அப்புறம் மடங்குவது இடுப்பெலும்பும் கீழ்முதுகும்தான். புட்டம் சீட்டைவிட்டு மெல்லச் சுருண்டு எழும்பும், கீழ்முதுகு வளையும், வளைந்த அந்த நிலையில்தான் 280 கிலோவைத் திருப்பித் தள்ளுவீர்கள். குனிந்தால் வலிக்கிற டிஸ்க்குக்கு இதைவிட மோசமான ஏற்பாட்டை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்க்வாட்டில் ஃபார்ம் (செய்யும் முறை) கெட்டால் கண்ணாடியில் தெரியும், பக்கத்தில் இருப்பவர் கத்துவார். இங்கே சீட் மறைத்துவிடும். (45 டிகிரி சரிவில் 200 கிலோ ஏற்றினால் காலுக்கு வருவது சுமார் 140 கிலோதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டின் மேல் நண்பனை உட்கார வைத்து ரீல்ஸ் எடுப்பவர்கள் கவனத்துக்கு.)

சரி செய்வது கஷ்டமில்லை. எடை பிளேட் எதுவும் போடாமல் உட்காருங்கள். நண்பரை உங்கள் கீழ்முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே விரலை நுழைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். மெதுவாக இறக்குங்கள். அவர் விரலை உங்கள் முதுகு நசுக்கத் தொடங்கும், அல்லது புட்டத்தின் அடிப்பகுதி சீட்டைவிட்டுக் கிளம்பும். அதுதான் உங்கள் எல்லை. அதற்கு நான்கு விரல் முன்னதாகவே நிற்கும்படி ஸ்டாப்பரை மாட்டுங்கள். ஸ்டாப்பர் இல்லாத மெஷின் என்றால் அந்த இடம் வந்ததும் கண்டிப்பாக நிறுத்துங்கள். சாய்மானத்தை ஓரிரு துளை பின்னால் தள்ளினால் ஆழம் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பாதங்களைத் தோள் அகலத்துக்குச் சற்று வெளியே, விரல்கள் லேசாக வெளிநோக்கி வையுங்கள். “பாதத்தை மேலே வை, முட்டிக்கு நல்லது” என்று மாஸ்டர் சொல்வார். முட்டிக்குச் சரி, ஆனால் மேலே வைக்க வைக்க இடுப்பு அதிகம் மடங்கும், புட்டமும் சீக்கிரம் எழும்பும். உங்களுக்கு நடுவில்தான் இடம். கைப்பிடியைப் பிடித்து உடம்பைச் சீட்டோடு அழுத்திக்கொள்ளுங்கள். இறக்க மூன்று வினாடி, கீழே ஒரு வினாடி நிறுத்தம், பிறகு தள்ளல். இப்படிச் செய்தால் 280 கிலோ 120 ஆகிவிடும். ஆகட்டும்.

காலுக்கு இறங்கும் நரம்பு வலி இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்து முட்டியை நீட்டி எடையைத் தூக்கும் மெஷின்) கூன்போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்து தொடையைப் பார்த்தபடி முட்டியை முழுக்க நீட்டுகிறீர்களே, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிக் நரம்பைச் சோதிக்க நாங்கள் கிளினிக்கில் செய்யும் ஸ்லம்ப் டெஸ்ட் அச்சு அசல் அதுதான். அந்தச் சோதனையை எடை கட்டி அறுபது முறை செய்துவிட்டு “நரம்பு இழுக்குது” என்றால் இழுக்கத்தான் செய்யும். சாய்மானத்தைப் பின்னால் சாய்த்து, பார்வையை நேரே வைத்து, முட்டி முழுதாக நீள்வதற்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். உட்கார்ந்து, முட்டியை மடக்கிச் செய்யும் லெக் கர்ல் தொடையின் பின்பக்கத்துக்கு மிகச் சிறந்தது, ஆனால் அதன் தொடக்க நிலையும் இதே போல நரம்பை இழுக்கும். வலி காலில் இருக்கும்வரை குப்புறப் படுத்துச் செய்யும் மெஷினுக்கு மாறுங்கள். வயிற்றுக்கு அடியில் துண்டை மடித்து வைத்தால் இடுப்பு தூக்கிக்கொண்டு முதுகு வளையாது. பின்னால் வளைந்தால் வலிக்கிறவர்களுக்கு அந்தத் துண்டு கட்டாயம்.

இனி அட்டவணை. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. ஒவ்வொரு முறையும் முதலில் ஐந்து முதல் பத்து நிமிட நடை, பிறகு பேர்ட் டாக் (கையும் முட்டியும் ஊன்றி, எதிரெதிர் கையையும் காலையும் நீட்டுவது), சைடு பிளாங்க் (பக்கவாட்டில் முழங்கை ஊன்றி உடம்பைத் தூக்கிப் பிடிப்பது). பத்து பத்து வினாடிப் பிடிப்புகளாகப் பக்கத்துக்கு ஐந்தாறு போதும், அங்கேயே களைத்துப்போக வேண்டாம்.

முதல் நாள் தொடையின் முன்பக்கம். லெக் எக்ஸ்டென்ஷனைக் கடைசியில் வைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்குங்கள். அதை முதலில் 15 முதல் 20 ரெப்பாக மூன்று செட் செய்துவிட்டால் தொடை பாதி களைத்துவிடும், லெக் பிரஸ்ஸில் குறைந்த எடையே போதும். லெக் பிரஸ் 12 முதல் 15 ரெப், மூன்று செட். அடுத்து பல்கேரியன் ஸ்பிளிட் ஸ்க்வாட் (பின்காலைப் பெஞ்சில் வைத்து, முன்காலில் உட்கார்ந்து எழுவது), காலுக்குப் பத்துப் பன்னிரண்டு ரெப், இரண்டு மூன்று செட். கைக்குப் பத்து கிலோ டம்பெல் என்றால் நான்கு செட் செய்தாலும் இரண்டு காலுக்கும் சேர்த்து முதுகு தாங்குவது 2,000 கிலோவைத் தொடாது. மேலே சொன்ன 6,000உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்காலை முழங்கால் உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள். உயரம் கூடினால் இடுப்பு முன்னால் சரிந்து முதுகு வளைந்துவிடும்.

இரண்டாம் நாள் பின்பக்கம். லெக் கர்ல் நான்கு செட், ஹிப் திரஸ்ட் (மேல்முதுகைப் பெஞ்சில் சாய்த்து, இடுப்பில் எடை வைத்து மேலே தூக்குவது) நான்கு செட். ஹிப் திரஸ்ட்டில் உச்சிக்குப் போனதும் முதுகை வில்லாக வளைப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. விலா எலும்பைக் கீழே இறக்கி, மோவாயை நெஞ்சுப் பக்கம் வைத்து, தொடையும் உடம்பும் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்துங்கள். பிறகு ஸ்டெப் அப் (பெட்டியில் ஒற்றைக்காலால் ஏறி இறங்குவது) மூன்று செட், முழங்கால் உயரத்துக்குக் கீழான பெட்டியில்.

கெண்டைக்கால் மெஷினை யாருமே சந்தேகப்படுவதில்லை. நின்று செய்கிற அந்த மெஷினில் எடை முழுக்கத் தோளில்தான் இறங்குகிறது, ஸ்க்வாட் கம்பிக்குச் சளைத்ததல்ல. அதை விட்டுவிட்டுப் படிக்கட்டு விளிம்பில் ஒற்றைக்காலில் செய்யுங்கள்.

முன்தொடைக்கு வாரத்துக்கு எட்டு செட்டில் தொடங்கி, வாரம் ஒன்றிரண்டாகக் கூட்டி 14 அல்லது 16இல் நில்லுங்கள். ஐந்தாவது வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள். எக்ஸ்டென்ஷனையும் கர்லையும் முடியாத அளவுக்குக் கொண்டுபோகலாம். மற்றவற்றில் இன்னும் இரண்டு மூன்று ரெப் பாக்கி இருக்கும்போதே நிறுத்துங்கள், அந்தக் கடைசி இரண்டில்தான் முதுகு உதவிக்கு வருகிறது. புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம், 70 கிலோ ஆளுக்கு 112 கிராம். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

வலியைப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். மூன்று வரை பரவாயில்லை, ஆனால் 24 மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இடுப்பில் இருந்த வலி புட்டத்துக்கோ தொடைக்கோ இறங்கினால் அன்றைய பயிற்சி முடிந்தது. காலில் இருந்த வலி மேலேறி இடுப்பில் மட்டும் நின்றால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் நல்ல அறிகுறி.

இருமினால், தும்மினால் காலுக்கு மின்சாரம் பாய்கிறதா? அப்படியானால் மூச்சைப் பிடித்துத் தூக்கும் செட் எதுவும் இப்போதைக்குக் கிடையாது. பெல்ட்டைக் கட்டிக்கொண்டு தூக்குவேன் என்றும் சொல்லாதீர்கள். பெல்ட் வயிற்று அழுத்தத்தைக் கூட்டுவதற்கு, டிஸ்க்கை உள்ளே தள்ளுவதற்கு அல்ல.

குதிகாலால் பத்து அடி நடங்கள், நுனிக்காலால் பத்து அடி நடங்கள். ஒரு பக்கப் பாதம் தொங்கினாலோ, குதிகாலை ஒரு பக்கம் தூக்க முடியாவிட்டாலோ மருத்துவரைப் பாருங்கள், அதுவரை ஜிம் வேண்டாம். மலத்துவாரம், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, இரண்டு கால்களும் பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். தயவுசெய்து முதலில் சுளுக்கு எடுப்பவரிடம் போய் ஒரு நாளை வீணாக்காதீர்கள். அந்த ஒரு நாளை எந்த அறுவை சிகிச்சையாலும் திருப்பித் தர முடியாமல் போகலாம்.

விடிகாலை ஐந்து மணி ஜிம்காரர்களுக்கு: இரவு முழுக்கப் படுத்திருந்ததில் டிஸ்க் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும், அந்த நேரத்தில் குனிவது அதற்கு அதிகச் சுமை. எழுந்து ஒரு மணி நேரமாவது கழித்துத் தொடங்குங்கள். மாலை ஜிம்காரர்கள் ஆபீஸில் எட்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் ஸ்பீடு பிரேக்கர்களில் பைக்கில் குலுங்கி வந்து நேரே மெஷினில் ஏறாதீர்கள். பத்து நிமிடம் நடந்த பிறகு ஏறுங்கள்.

மேலே சொன்ன அத்தனையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் 20 கிலோ பிளேட்டைத் தரையிலிருந்து ஒற்றைக் கையால், குனிந்து திரும்பி எடுத்து ஸ்டாண்டில் மாட்டும்போது முதுகு பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பிளேட்டைத் தரையில் போடாதீர்கள், கழற்றியதும் நேரே ஸ்டாண்டுக்கு. கீழ் வரிசையில் மாட்ட வேண்டுமானால் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்போடு ஒட்டி வைத்து மாட்டுங்கள். பெரிய பிளேட்டுகளை மேல் வரிசைக்கு மாற்றச் சொல்லி ஜிம் ஓனரிடம் கேளுங்கள். அவருக்குக் காசு செலவில்லாத வேலைதான்.