சிறுகுறிப்பு அல்ல, குறிப்புரை

‘சிறுகுறிப்பிடப்பட்ட விலங்கு மரபணுக்களின் பொதுத் தரவுத்தளம் விரிவாக்கம்’. இது ஒரு தலைப்பு. ‘அனோட்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைச் ‘சிறுகுறிப்பு’ ஆக்குகிற இதே மொழிபெயர்ப்பை இந்த மாதத்தில் நான் பார்ப்பது நான்காவது தடவை. இனிப் பொறுப்பதற்கில்லை.

அனோட்டேஷனுக்கு வேர் லத்தீன் ‘நோட்டா’. குறி என்று பொருள். ஒரு மூலத்தின் மேலேயே குறி இடுவதுதான் அனோட்டேஷன்.

சிறுகுறிப்பு என்றதும் நமக்கு நினைவு வருவது வினாத்தாள்தான்: ‘சிறுகுறிப்பு வரைக’. மூலத்தைத் தொடாமல் தனித்தாளில் எழுதுகிற சுருக்கம் அது. மரபணுத்தொகையில் (ஓர் உயிரின் முழு டிஎன்ஏ, ஆங்கிலத்தில் ஜீனோம்) நடப்பது நேர்மாறு. மனிதனுடையது சுமார் 300 கோடி எழுத்து. ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்துகள், இடைவெளி கிடையாது. புள்ளிகூட வைக்காமல் எழுதிய ஏட்டுச்சுவடியேதான். சுவடியைக் கையில் எடுத்த உரைகாரர் முதலில் பதம் பிரிப்பார். இங்கும் அதே வேலை. இந்த ஏடிஜி-யில் புரதத்துக்கான வாசகம் தொடங்குகிறதா, அந்த டிஏஏ-வில் முடிகிறதா? நடுவே வெட்டி எறியப்படும் இன்ட்ரான் எது? (அது பெரும்பாலும் ஜிடி-யில் தொடங்கி ஏஜி-யில் முடியும்.) உயிரணுவில் கிடைத்த ஆர்என்ஏ-வை (மரபணுவிலிருந்து எடுக்கப்பட்ட நகல்) மூலத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இவ்வளவு தேடினால் புரதத்துக்கான மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 தேறும். அவற்றின் புரத வாசகமோ மொத்த எழுத்தில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. இதற்குப் பெயர் ‘சிறு’குறிப்பாம்!

கேம்பிரிட்ஜ் பக்கத்தில் ஹிங்ஸ்டனில் 1999-இல் தொடங்கிய என்செம்பிள் தரவுத்தளத்தின் பிழைப்பே இதுதான். கண்டெடுத்த ஒவ்வொரு மரபணுவுக்கும் இடமும் எண்ணும் கொடுப்பார்கள். மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 என்ற மனித மரபணுவுக்கு இஎன்எஸ்ஜி00000139618. எழுத்துகளைப் படித்தெடுப்பது இன்று வேகமாகிவிட்டது, உரை எழுதுவதுதான் பின்தங்குகிறது. அதனால்தான் 2020-இல் ‘ராப்பிட் ரிலீஸ்’ (விரைவு வெளியீடு) என்று தனி வெளியீடே கொண்டுவந்தார்கள்.

‘விளக்கவுரை’ என்கிறார் நண்பர் ஒருவர். ஏற்க மாட்டேன். இங்கே யாரும் நயம் பாராட்டவில்லை. இடம், பெயர், தெரிந்தால் வேலை, அவ்வளவோடு நிறுத்துகிறார்கள். குறிப்புரைதான் பொருந்தும். அதில் குறியும் இருக்கிறது, உரையும் இருக்கிறது.

‘விலங்கு மரபணுக்கள்’ இன்னொரு கூத்து. சொல்ல வந்தது ஜீனோம், தனித்தனி மரபணு அல்ல. ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் 1920-இல் ‘ஜீனோம்’ என்ற சொல்லை ஆக்கியதே முழுத்தொகுதியைச் சொல்லத்தான். ஜீனோம் என்றே எழுதுங்கள், எனக்குத் தனித்தமிழ் வீம்பு இல்லை. ஆனால் முழுத்தொகுதியை மரபணு என்பது நூலைப் பாட்டு என்பதுபோல, அப்படிச் சொல்லாதீர்கள். மொழிபெயர்ப்பவருக்கு அகராதியின் முதல் பொருளைத் தாண்டி விரல் நகர மறுக்கிறது.

அந்தத் தலைப்பை நான் இப்படி எழுதியிருப்பேன்: ‘குறிப்புரை பெற்ற விலங்கு மரபணுத்தொகைகள்: பொதுத் தரவுத்தளம் விரிகிறது.’