ஜேசிபி கூப்பிடறதுக்கு முன்னாடி வரப்பு மரத்தை எண்ணிடுங்க

பெங்களூருல இருக்கற நம்ம ஆளுங்க நிறைய பேர் இப்ப ஆனேக்கல், கனகபுரா, தேன்கனிக்கோட்டை பக்கம் நிலம் வாங்கிப் போடறாங்க, நல்ல விஷயம்தான், ஆனா பத்திரம் பதிஞ்ச கையோட ஜேசிபி விட்டு இடத்தை க்ளீன் பண்றேன்னு வரப்புல நின்ன புங்கை, வேம்பு, புளி எல்லாத்தையும் சாய்ச்சிடறாங்க. ஆறு மாசம் கழிச்சு எனக்கு போன் வரும், "சார், நம்ம நிலத்துல பயோடைவர்சிட்டி எப்படி இருக்குன்னு ஒரு சர்வே பண்ணித் தர முடியுமா?" என்னத்தைங்க சர்வே பண்றது, அதான் வழிச்சு எடுத்தாச்சே.

பண்ணை நிலத்துல என்னென்ன உயிர் இருக்குன்னு பார்த்து எழுதித் தர்றதுதான் என் வேலை. பூச்சியை ஒழுங்கா கணக்கெடுக்கணும்னா வலை வேணும், பொறி வேணும், இது என்ன இனம்னு சொல்ல ஆள் வேணும், பறவை காலைல இருக்கும் மத்தியானம் இருக்காது. மரம் ஓடிப்போகாது. ஒரு டேப்பும் போனும் இருந்தா யார் வேணா அளக்கலாம், சேட்டிலைட்லயும் தெரியும். 2010-ல ஜப்பான் நகோயால உலக நாடுகள் ஒத்துக்கிட்ட, பல்லுயிரைக் காக்கறதுக்கான ஐச்சி இலக்குகள்ல ஏழாவது, 2020-க்குள்ள விவசாயத்தையும் பல்லுயிர் கெடாம நடத்தணும்னு சொல்லுச்சு. அதை எதை வச்சு அளக்கறதுன்னு யோசிச்சவங்க கைகாட்டினதுல ஒண்ணு பண்ணை மரங்கள். 2010-ம் வருஷ நிலவரப்படி உலக விவசாய நிலத்துல 43 சதவீதத்துல குறைஞ்சது 10 சதவீத பரப்பாவது மரம் மூடியிருந்துச்சு.

ஆனா பச்சை பரப்பை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். கோலார் பக்கம் தைல மரத் தோப்பு மேலேருந்து பார்க்க ஜம்முனு இருக்கும், உள்ள போனா ஒரே மரம், ஒரே வயசு, தரையில சருகு. புதுசா தைல மரம் நடக்கூடாதுன்னு கர்நாடக அரசு 2017-ல தடை போட்டது தண்ணிக்காக, என் கணக்குலயும் அதுக்கு மார்க் கம்மிதான். எத்தனை மரம்ங்கறதைவிட என்ன மரம், எவ்ளோ வயசு, கீழ குட்டி மரம் இருக்கா, இந்த மூணும்தான் நான் முதல்ல பாக்கறது.

ஒரு புங்கையையே எடுத்துக்கோங்க. இலையில விரல் விரலா முளைச்ச மாதிரி புடைப்பு இருக்கும், சீக்கு வந்துடுச்சுன்னு பயந்து வெட்டவே போயிடறாங்க. அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப்பேன் கட்டின வீடு, மரம் அதால சாகாது. பூ விட்டா அடியில நின்னு காதை மட்டும் குடுங்க, ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி தேனீ இரையும். அந்த தேனீங்கதான் உங்க பக்கத்து மாந்தோப்புக்கும் போகுது. ராகிக்கு நடுவுல அக்கடி சாலா, அதாவது ஊடுபயிர் வரிசையா, அவரை போட்டிருந்தா கிளையில உக்காந்த கரிச்சான் இறங்கி இறங்கி புழுவை கொத்திட்டுப் போகும். இதுக்குத்தான் விவசாய ஆபீசர் வயல்ல குச்சி நட்டு பறவைத் தாங்கி வைங்கன்னு சொல்றாரு. பழைய புளிய மரப் பொந்துல புள்ளி ஆந்தை இருந்தா எலிக்கும் ஆள் இருக்குன்னு அர்த்தம், சின்ன மரத்துல அந்த பொந்து வராது.

அந்த பெரிய மரங்கதான் போயிட்டு இருக்கு. 2024-ல நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழ்ல வந்த ஆய்வு, 2018-லேருந்து 2022-க்குள்ள இந்திய வயல்கள்ல 50 லட்சத்துக்கும் மேல பெரிய மரங்கள் காணாம போச்சுன்னு சேட்டிலைட் படத்தை வச்சு சொல்லுது. இத்தனைக்கும் 2014-லயே தேசிய வேளாண் காடு கொள்கை கொண்டுவந்த நாடு இது.

விவசாயி பக்கமும் நியாயம் இருக்கு. ஆனேக்கல் பக்கம் ஒரு அம்மா கேட்டாங்க, "நெழல்ல ராகி சாவியா போவுது, கிளி வேற வந்து தின்னுது, உனக்கென்ன சாமி எழுதிட்டுப் போயிடுவே." அதுக்கு நான் பெருசா ஒண்ணும் சொல்லல, சொல்ல முடியாது. வடக்கு ஓரத்துல மரம் இருந்தா ராகி முத்தற மாசங்கள்ல நிழல் வெளிப்பக்கம் விழும்னு சொல்லலாம், ஆனா வெளிப்பக்கம்னா பக்கத்து வயக்காரன், அங்க ஒரு சண்டை. கிளையை கழிச்சு விடறது நடக்கற காரியம், புங்கந்தழை வயலுக்கே உரமாயிடும்.

நீங்க செய்ய வேண்டியது ரொம்ப இல்ல. ஒவ்வொரு மரத்துக்கும் நம்பர் குடுத்து, தரையிலேருந்து நாலரை அடி உயரத்துல சுற்றளவு எடுத்து, பேர், பொந்து, கூடு, பூவா காயான்னு நோட்டுல எழுதுங்க. ஒரே இடத்துல நின்னு ஒரு போட்டோ. அடுத்த வருஷமும் அதே மாசத்துல, மாசம் மாறினா ஒப்பிட முடியாது. குட்டி மரம்தான் பெரும்பாலான நிலத்துல பூஜ்யம்னு வரும், பெரிய மரம் நாலு நிக்கும், அதுக்கு வாரிசு ஒண்ணு இருக்காது. பறவை எச்சத்துல முளைச்ச வேம்பு வரப்போரம் கண்ணுல பட்டா பக்கத்துல ஒரு குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுங்க, டிராக்டர்காரருக்கும் முன்னாடியே சொல்லி வைங்க, அதையும் நம்பர் போட்டு லிஸ்ட்ல சேர்த்துடுங்க.