நெற்றிக் கோட்டுக்கு ஊசி, ஆனால் முதலில் பார்க்க வேண்டியது இமையை

நெற்றியில் கோடு விழுந்துவிட்டது, போடாக்ஸ் போட்டு எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் கேட்டு வருகிறார். அனுபவமுள்ள தோல் மருத்துவர் அவரைக் கொஞ்ச நேரம் பேசவிடுவார். பேசும்போது புருவம் எத்தனை முறை ஏறுகிறது, சிரித்தால் கன்னம் கண்ணை எவ்வளவு நெருக்குகிறது, வாயின் இரண்டு ஓரமும் சமமாக இறங்குகின்றனவா என்று கவனிப்பார். பிறகுதான் நெற்றிக்கு வருவார். கோடு நெற்றியில் இருந்தாலும் அதற்கான காரணம் பல நேரம் வேறு இடத்தில் இருக்கும்.

உடம்பின் மற்ற தசைகள் பெரும்பாலும் எலும்பை இழுக்கின்றன. முகத்தசைகள் தோலை இழுக்கின்றன. நெற்றித்தசையான ஃப்ரன்டாலிஸுக்கு எலும்போடு ஒட்டுதலே கிடையாது. மேலே உச்சந்தலையின் சவ்வு, கீழே புருவத்தின் தோல், இவற்றுக்கு நடுவே அது தொங்குகிறது. அது சுருங்கினால் தோல் மடங்கும். தசை இழை ஓடும் திசைக்குக் குறுக்காக மடிப்பு விழும். நெற்றித்தசை மேலும் கீழுமாக ஓடுவதால் நெற்றிக் கோடுகள் கிடையாக விழுகின்றன. பொட்டு வைக்கும் இடத்துக்கு இரு பக்கமும் சாய்வாக இருக்கும் கொருகேட்டர் தசைகள் புருவங்களை உள்ளே இழுப்பதால், அங்கே செங்குத்தாக இரண்டு கோடு விழும். எந்தக் கோடு எந்தத் தசையுடையது என்று படிக்கத் தெரிவதுதான் இந்த வேலையின் பால பாடம்.

ஊசியில் இருப்பது கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் நச்சு. கெட்டுப்போன உணவு வழியாக உடலுக்குள் போனால் ஆளையே கொல்லக்கூடியது. மிகச் சிறிய அளவில் தசைக்குள் செலுத்தும்போது, அது நரம்பின் நுனிக்குள் நுழைந்து ஸ்னாப்-25 என்ற புரதத்தை வெட்டுகிறது. ‘சுருங்கு’ என்று தசைக்குச் சொல்லும் அசிட்டைல்கோலின் வெளியே வர அந்தப் புரதம் வேண்டும். அது வெட்டுப்பட்டால் நரம்பு உயிரோடு இருந்தும் சேதி தசைக்குப் போய்ச் சேராது. சில நாளில் தசை தளரத் தொடங்கும், சுமார் இரண்டு வாரத்தில் முழுப் பலன் தெரியும். நரம்பு நுனி மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் மூன்று, நான்கு மாதத்தில் அசைவு திரும்பிவிடும்.

இதை முதலில் மருந்தாக்கியவர் சான் பிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். மாறுகண்ணைச் சரிசெய்யப் பயன்படுத்தினார். 1987-இல் கனடாவின் வான்கூவரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர், இமை தானாக இறுகி மூடிக்கொள்ளும் நோய்க்கு இதைக் கொடுத்து வந்தார். சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்குப் புருவ நடுவே இருந்த கோடுகள் மறைந்திருந்தன. ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். இருவரும் அந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போய் 1992-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் புருவ நடுக் கோட்டுக்கு 2002-இலும், கண் ஓரச் சுருக்கத்துக்கு 2013-இலும், நெற்றிக் கோட்டுக்கு 2017-இலும்தான் அனுமதி கொடுத்தது. இந்த மூன்றில் நெற்றி கடைசியாக வந்தது. ஊசி போடுபவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான்.

காரணம் இது. புருவத்தை மேலே தூக்க நமக்கு இருப்பது நெற்றித்தசை ஒன்றே ஒன்று. கீழே இழுக்கவோ கொருகேட்டர், மூக்கின் மேல்முனையில் இருக்கும் புரோசீரஸ், கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையின் மேல்பகுதி என்று ஒரு கூட்டமே இருக்கிறது. கயிறு இழுக்கும் போட்டி போல இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்க, நடுவில் புருவம் ஓர் இடத்தில் நிற்கிறது. மேல்பக்கத்து ஆளை மட்டும் தூங்கவைத்தால் புருவம் இறங்கிவிடும். அதனால்தான் அனுமதிக் குறிப்பே நெற்றிக்குப் போடும்போது புருவ நடுவிலும் சேர்த்துப் போடச் சொல்கிறது. போடாக்ஸ் என்ற பெயரில் வரும் மருந்தில் நெற்றிக்கு 20 யூனிட், புருவ நடுவுக்கு 20 யூனிட். நெற்றிக்கு மட்டும் போட்டால் போதும், அதுதான் மலிவு என்று கேட்பவருக்கு மருத்துவர் மறுப்புச் சொன்னால் அதில் வியாபாரம் ஒன்றும் இல்லை, உடற்கூறு இருக்கிறது.

இனி இமைக்கு வருவோம். மேலிமையின் தோல் தளர்ந்து மடிந்து பார்வைக்குக் குறுக்கே வந்திருக்கலாம். அல்லது இமையைத் தூக்கும் லிவேட்டர் தசை வலுவிழந்து இமை சற்றுத் தொங்கியிருக்கலாம். அப்படிப்பட்டவர் தன்னையறியாமல் காலையிலிருந்து இரவு வரை புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் உலகத்தைப் பார்க்கிறார். அந்த ஓயாத உழைப்பின் தடம்தான் நெற்றிக் கோடு. சாயங்காலம் நெற்றி கனக்கிறது என்று சொல்பவர்களில் சிலர் இந்த வகை. இவர்களுடைய நெற்றித்தசையைத் தளர்த்தினால் கோடு போகும், கூடவே புருவம் பாரமாகக் கண்மேல் இறங்கும். கண்ணாடியில் நெற்றி மழமழவென்று இருக்கும், ஆனால் மூன்று மாதத்துக்குக் கண்ணை முழுதாகத் திறக்க முடியாத அவஸ்தை. மாற்று மருந்து கொடுத்து இதைத் திருப்ப வழியில்லை, தானாகத் தெளியும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நிமிர்ந்து உட்காரச் சொல்லி, கண்களை மூடி நெற்றியைத் தளரவிடச் சொல்வார்கள். புருவம் தன் இயல்பான இடத்துக்கு இறங்கியதும் மருத்துவர் கட்டைவிரலால் புருவத்துக்குச் சற்று மேலே மெல்ல அழுத்திப் பிடித்துக்கொள்வார். இப்போது கண்ணைத் திறக்கச் சொல்வார். நெற்றியின் உதவி இல்லாமல் இமை எவ்வளவு திறக்கிறது, கண்மணியை எவ்வளவு மறைக்கிறது என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். திறக்கச் சிரமப்பட்டால் அவருக்கு நெற்றி ஊசி உகந்ததல்ல. அவர் முதலில் பார்க்க வேண்டியது இமை அறுவை செய்யும் கண் மருத்துவரை. படுத்த நிலையில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது, புவியீர்ப்பு புருவத்தைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றிவிடும்.

ஒரு புருவம் மட்டும் உயரமாக இருப்பவர் விஷயம் இன்னும் சூட்சுமமானது. உயர்ந்த பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் சமமாகிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல முகங்களில் இமை தொங்கும் பக்கத்தில்தான் புருவம் உயர்ந்திருக்கும், ஈடுகட்டுவதற்காக. அங்கே ஊசி போட்டால் அதுவரை மறைந்திருந்த இமைத் தொய்வு வெளியே வந்துவிடும். அந்த இமைத் தொய்வு காலையில் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கிறது, பொருள்கள் இரண்டிரண்டாகவும் தெரிகின்றன என்றால் மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்பு–தசை நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நோயில் அசிட்டைல்கோலினின் சேதியைத் தசை ஏற்கெனவே சரியாக வாங்குவதில்லை. அவர்களுக்கு இந்த ஊசி ஆபத்தாக முடியலாம்.

நெற்றித்தசையின் வடிவமும் ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு நெற்றி முழுக்கப் பரவியிருக்கும், சிலருக்கு நடுவில் பிரிந்து இரண்டு பட்டைகளாக இருக்கும். புருவத்தைத் தூக்கச் சொல்லி எங்கே அசைகிறது, எங்கே அசையவில்லை என்று பென்சிலால் குறித்துக்கொள்வது இதற்காகத்தான். நடுவை மட்டும் தளர்த்திவிட்டு ஓரத்தை விட்டுவிட்டால், ஓரத் தசை தனியாக இழுத்துப் புருவ நுனியைக் கோபக்காரர் மாதிரி மேலே வளைத்துவிடும். ஓரத்தில் ஒன்றிரண்டு யூனிட் சேர்த்தால் சரியாகும். ஆண்களின் தசை பெரும்பாலும் தடிமனானது, அவர்களுடைய புருவம் எலும்பு விளிம்பை ஒட்டித் தட்டையாக நிற்பது. பெண்ணுக்கு வரைந்த வரைபடத்தை அப்படியே ஆணுக்குப் போட்டால் புருவம் அவருக்குப் பொருந்தாத வில்லாக வளையும்.

புருவ நடு ஊசியிலும் இடம் முக்கியம். மருந்து கீழே கசிந்து லிவேட்டரை எட்டினால் இமையே தொங்கிவிடும். எனவே புருவ எலும்பு விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது மேலே போடுகிறார்கள். இமை தொங்கினால் அப்ராக்ளோனிடின் சொட்டு மருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும்.

கண் ஓரத்தில் விழும் விசிறிக் கோடுகளை எல்லோரும் ஒரே தசையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். கண் வளையத் தசை சுருங்குவதால் வருபவை மேல்பாதிக் கோடுகள். கன்னத்துக்கு அருகில் இருப்பவை பெரும்பாலும் சிரிக்கும்போது ஸைகோமாட்டிகஸ் தசை கன்னத்தை மேலே தள்ளுவதால் வருபவை. அந்தக் கோட்டைத் துரத்திக்கொண்டு ஊசியைக் கீழே இறக்கினால் சிரிப்பே ஒரு பக்கம் கோணிவிடும். கீழிமையைத் தொடுமுன் அதை விரலால் கீழே இழுத்துவிட்டுப் பார்ப்பார்கள். சட்டென்று கண்ணோடு போய் ஒட்டினால் சரி. மெதுவாகத் திரும்பினால் அங்கே தசையைத் தளர்த்தக் கூடாது, இமை வெளியே புரண்டு கண் வறண்டுபோகும்.

வாய்ப்பக்கம் அளவு இன்னும் சிறியது, தவறுக்கு இடம் இன்னும் குறைவு. வாயின் ஓரத்தைக் கீழே இழுக்கும் தசைக்குப் பக்கத்திலேயே கீழுதட்டை இறக்கும் தசை இருக்கிறது. ஊசி சற்று உள்ளே தள்ளிப் போனால் பேசும்போது உதடு கோணும். தாடையை ஒல்லியாக்க மாசெட்டர் என்ற மெல்லும் தசையில் போடுவது இப்போது பரவலாகிவிட்டது. இளம் வயதில், தசை பெருத்த முகத்தில் அது அழகாக வேலை செய்யும். தோல் தளர்ந்த முகத்திலோ, உள்ளே தாங்கிக்கொண்டிருந்த கனம் குறைந்து தாடையோரச் சதை மேலும் தொங்கித் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைக் கேட்டு வரும்போது பக்கவாட்டில் நிறுத்திப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முகத்தை அசைக்காமல் இருக்கும்போதும் தெரியும் கோடுகள் தோலிலேயே பதிந்தவை. வெயிலும் வயதும் அதில் சேர்ந்திருக்கின்றன. ஊசி அவற்றை மென்மையாக்கலாம், முழுதாக அழிக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி மனக்கசப்பு குறையும்.

அந்த முகத்தை வைத்து அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்பதும் பரிசோதனையில் சேர்த்திதான். பரதநாட்டியம் ஆடுபவருக்குப் புருவமும் கண்ணும் அபிநயத்தின் கருவிகள். மேடை நடிகர், பாடகர், காது கேளாதவர்களுக்குச் சைகை மொழியில் சொல்பவர், இவர்களுக்கெல்லாம் குறைந்த அளவில், அசைவை மிச்சம் வைத்துப் போட வேண்டும். சிலரிடம் வேண்டாம் என்றே சொல்ல வேண்டியிருக்கும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பொதுவாகத் தள்ளிவைப்பார்கள்.

ஊசிக்கு முன்பு ஓய்வாக, புருவம் தூக்கி, முறைத்து, பல் தெரியச் சிரித்து என்று நான்கு படமாவது எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தெந்தப் புள்ளி என்பதையும் எழுதி வாங்குங்கள். ஒரு கம்பெனியின் யூனிட்டும் இன்னொன்றின் யூனிட்டும் ஒன்றல்ல. புருவ நடுவுக்குப் போடாக்ஸில் 20 என்றால் டிஸ்போர்ட்டில் 50. இரண்டாவது வாரம் திரும்பிப் போகும்போது அந்தப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் கொஞ்சம் சேர்ப்பார்கள். முதல் தடவை குறைவாகப் போட்டுவிட்டு இரண்டாவது வாரம் கூட்டிக்கொள்ளலாம். கூடுதலாகப் போட்டதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.