டெவில்ஸ் கிளா: தமிழில் கொக்கிக்கிழங்கு

மூட்டுவலிக்கான மூலிகை மாத்திரைகளில் 'டெவில்ஸ் கிளா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா நாடுகளில் கலகாரி மணல்வெளியில் தரையோடு படரும் செடி இது. எள்ளின் குடும்பம், நம் ஊர் யானை நெருஞ்சிலுக்கும் சொந்தம்.

காயைப் பார்த்து வைத்த பெயர். முற்றிய காயிலிருந்து கைகள் நீண்டு, நுனியெல்லாம் பின்னோக்கி வளைந்த முள்ளாக இருக்கும். விலங்குகளின் காலில் மாட்டி, போகிற இடமெல்லாம் விதை பரவும். ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் பர்செல் 1822இல் இதற்கு 'உன்காரியா' என்று பெயரிட்டார். 'உன்கஸ்' என்றால் லத்தீனில் கொக்கி. இப்போதைய அறிவியல் பெயர் ஹார்பகோஃபைட்டம் புரோகம்பென்ஸ். 'ஹார்பகோ' என்பது பல கொக்கி வைத்த இரும்பு, ஏறக்குறைய நம் பாதாளக்கரண்டி. 'ஃபைட்டான்' செடி, 'புரோகம்பென்ஸ்' தரையில் படிந்து கிடப்பது.

அப்படியே பெயர்த்தால் 'சாத்தான் நகம்'. பேய்ப்புடல், பேய்ச்சுரை வரிசையில் 'பேய்நகம்' என்றும் சொல்லலாம், கசப்புக்கும் பொருந்தும். ஆனால் இரண்டுமே காயைத்தான் காட்டுகின்றன. மருந்து இருப்பது மண்ணுக்குள், பக்கவேர்களில் திரளும் கிழங்கில். அதனால் 'கொக்கிக்கிழங்கு' என்பதே சரி என்பேன்.

கலகாரியின் பழங்குடிகளான சான் மக்கள் இதைக் காய்ச்சலுக்கும் வலிக்கும் செரிமானக் கோளாறுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருகிறார்கள். தோண்டுகிறவர்கள் நடுவிலுள்ள தாய்க்கிழங்கைத் தொடாமல், பக்கக்கிழங்குகளை மட்டும் எடுத்துக் குழியை மூட வேண்டும். மழை வந்தால் செடி மறுபடி துளிர்க்கும். ஏற்றுமதி அவசரத்தில் தாய்க்கிழங்கையும் பிடுங்கினால் அத்தோடு செடி போச்சு. நமீபியா 1977இலேயே இதைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக்கியது.

கிழங்கின் முக்கிய வேதிப்பொருள் ஹார்பகோசைடு. இரிடாய்டு வகை கிளைக்கோசைடு, அதாவது சர்க்கரையோடு இணைந்த ஒரு தாவரச் சேர்மம். உலர்ந்த கிழங்கில் அது குறைந்தது 1.2 சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய மருந்துத் தரநூல். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உருவாவதை இது குறைப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. நாள்பட்ட இடுப்புவலியில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. தேய்ந்த மூட்டு இதனால் மீண்டும் வளராது.

வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி வரக்கூடும். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருப்பவர்கள் சாப்பிடவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்ப்பது நல்லது. பித்தப்பைக் கல் உள்ளவர்கள், வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுக்கும் மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மூட்டு வீங்கிச் சிவந்து காய்ச்சலும் இருந்தால், அப்புறம் பார்க்கலாம் என்று இந்த மாத்திரையோடு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.